வயர்லெஸ் மாநாட்டுக்குச் சாதனத்தோடு போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைமேல் ஒரு சின்ன மணிக்கட்டுப் பட்டை, பக்கத்தில் ஒரு போன். பட்டையைக் கையில் கட்டினால் இதயத் துடிப்பு போன் திரையில் ஓட வேண்டும். ஆய்வகத்தில் எத்தனையோ தடவை ஓடியதுதான். ஆனால் மாநாட்டு அரங்கில் போனில் தேடினால், புளூடூத் பட்டியல் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கிறது. பல பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. சிப் நிறுவனம் மாதிரி நிரலில் வைத்த பெயரைப் பலரும் மாற்றவில்லை, நாங்களும் மாற்றவில்லை. எதிரே நின்றவர் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். "சரி, அப்புறம் வர்றேன்" என்று நகர்ந்தார். அவர் திரும்பி வரவில்லை.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: மாநாட்டு அரங்கத்தை நம் ஆய்வகத்தின் நீட்சியாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன.

2010 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்தியபோது ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கே மேடையில் இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்குக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடுவதாகச் சொல்லி, அவற்றை அணைக்கும்படி கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு மேசையும் இரண்டு பேருமாகப் போகிறவர்கள் எவ்வளவு தயாராக வேண்டும்!

வைஃபையும் புளூடூத்தும் பகிர்ந்துகொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் என்று வழக்கமாக எடுத்துக்கொள்வது மூன்று: 1, 6, 11. குறைமின் புளூடூத் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத் வகை) தன்னை அறிவிக்கும் 37, 38, 39 சேனல்களை இவற்றுக்கு இடையிலும் ஓரத்திலும் புத்திசாலித்தனமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான சாதனங்கள் அந்த மூன்று சேனல்களிலேயே கூவினால், அவை தங்களுக்குள் மோதிக்கொள்ளும். போதாக்குறைக்கு, மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். காலையில் காலி அரங்கில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், கூட்டம் நிறைந்த நண்பகலில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சாதனத்துக்குத் தனிப் பெயர் வையுங்கள். போனோடு முன்கூட்டியே இணைத்து வையுங்கள். பார்வையாளர் முன்னால் புதிதாகத் தேடி இணைப்பது தேவையில்லாத ஆபத்து. பலவீனமான சிக்னல்களைச் செயலியின் தேடல் பட்டியலில் காட்டாமல் வடிகட்டினால், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை மட்டும் தெரியும். வைஃபை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். அதிலும் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள் வேண்டாம். ரேடார் இருப்பதாக உணர்ந்தால் கருவி அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகே பேச முடியும். மேடையில் அது நீண்ட நேரம். முக்கியமான டெமோவுக்கு நான் இப்போது நம்புவது கேபிளைத்தான்: இரண்டு பக்கத்தையும் சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வழியாக இணைத்து, வெளி அலைகளைத் தடுக்கும் ஷீல்டு பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அப்படிச் செய்திருப்பதைப் பார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

ஸ்டால் மேசையின் மேற்பரப்பு உலோகமா என்றும் பாருங்கள். ஆண்டெனாவை ஒட்டி உலோகம் வந்தால் அதன் ஒத்ததிர்வு, அதாவது அது நன்றாக வேலை செய்யும் அலைவெண், இடம் மாறி, எட்டும் தூரம் சுருங்கிவிடும். அப்புறம், முதல் நாள் இரவு ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் நிரலை) மாற்றாதீர்கள். எவ்வளவு சின்னத் திருத்தமாக இருந்தாலும் வேண்டாம்.

சட்டப் பக்கம் பலர் கவனிக்காத இடம். லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் வயர்லெஸ் முறை. ஐரோப்பாவுக்கான லோரா சாதனம் 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும். அமெரிக்காவில் அதற்கான இடம் 902 முதல் 928 வரை. ஓரிடத்துச் சாதனத்தை இன்னோரிடத்தில் அப்படியே இயக்குவது விதிமீறல். சான்றிதழ் கிடைக்காத மாதிரியைக் காட்சிக்கு வைக்க இரு இடத்திலும் வழி உண்டு, ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லும் அறிவிப்புப் பலகை வேண்டும். காட்சிக்கு வைப்பது வேறு, இயக்கிக் காட்டுவது வேறு. இயக்குவதற்கான நிபந்தனைகளை அமைப்பாளர்களிடம் முன்பே கேளுங்கள். பயணத்தில், உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது காப்புரிமை (பேட்டன்ட்) விஷயம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தினால், விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுவான அவகாசம் இல்லை. மேடையில் ஒரு ஸ்லைடில் காட்டினாலே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடலாம். பல வருட உழைப்பு ஒரு படத்தில் கரைந்துவிடக் கூடாது. முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு.

எந்த மாநாடு என்பதையும் யோசியுங்கள். பார்சிலோனாவில் மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. நடத்தும் மொபைல் வேர்ல்டு காங்கிரஸில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கை ஓங்கியிருக்கும். லாஸ் வேகஸில் ஜனவரியில் கூடும் சி.இ.எஸ். நுகர்வோர் பொருள்களுக்கானது. சிப், போர்டு, கருவிகள் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் ஜெர்மனியில் நியூரம்பெர்க்கின் எம்பெடட் வேர்ல்டு பொருத்தம்.

அங்கே போய் நாள் முழுக்க மேடைப் பேச்சுகளிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஸ்டால்களில் நிற்கும் பொறியாளர்களிடம் போங்கள், எண்களைக் கேளுங்கள். "ஒரு காயின் பேட்டரியில் இரண்டு வருடம் ஓடும்" என்கிறாரா? சி.ஆர்.2032 பேட்டரியில் இருப்பது சுமார் 220 மில்லியாம்பியர்-மணி. இரண்டு வருடம் என்பது 17,520 மணி நேரம். வகுத்தால் சராசரியாகச் சுமார் 12.6 மைக்ரோஆம்பியர்தான் செலவழிக்க முடியும். எத்தனை விநாடிக்கு ஒரு தடவை அனுப்புகிறது, எந்த வெப்பநிலையில் அளந்தீர்கள், அனுப்பும்போது மின்னழுத்தம் எவ்வளவு சரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். அளந்தவர் உற்சாகமாகிக் காகிதத்தை எடுத்து வரைபடம் போட ஆரம்பித்துவிடுவார். அவரோடு பேசியதை, அடுத்த ஸ்டாலுக்கு நடப்பதற்குள், அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.