ராணுவம் ரத்துசெய்த தேர்தலை ஆராய்வது எப்படி: மியான்மர், 2020

தேர்தலில் மோசடி நடந்ததாகக் கூறி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றினால், முதலில் முடிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மியான்மரில் 2020 நவம்பர் 8 அன்று நடந்த தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி 476 இடங்களில் 396-ஐ வென்றது. ராணுவ ஆதரவுக் கட்சிக்குக் கிடைத்தவை 33 மட்டுமே.

அதன்பின் குற்றச்சாட்டைப் பிரித்துப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் முறைகேடுகளுக்கு இடமிருப்பதாக ராணுவம் கணக்குக் காட்டியது. ஆனால் ஒரு பெயர் பட்டியலில் இருமுறை இருப்பது வேறு, விரலில் மை வைத்த பிறகும் அந்தப் பெயரில் இரண்டாவது வாக்கு விழுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவ முடியாது.

அடுத்து, ஆட்சியைக் கைப்பற்றப் பயன்பட்ட நெருக்கடிநிலை ஆணையின் அடியில் இருப்பது யாருடைய கையொப்பம் என்று பாருங்கள் (சலிப்பான வேலைதான், ஆனால் பலன் தரும்). அரசியலமைப்பின் 417ஆம் பிரிவுப்படி நெருக்கடிநிலையை அறிவிக்க வேண்டியவர் குடியரசுத் தலைவர். புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று அதிகாலையிலேயே அவரைத் தடுத்துவைத்துவிட்டு, ராணுவம் முன்மொழிந்த துணைத் தலைவரைக் கொண்டு அறிவிக்கச் செய்தார்கள்.

தேதிகளையும் ஒப்பிடுங்கள்: பழைய தேர்தல் ஆணையம் ஜனவரி 28 அன்றே குற்றச்சாட்டை நிராகரித்திருந்தது, முடிவுகளை ரத்துசெய்ததோ, ராணுவம் அமைத்த புதிய ஆணையம், ஜூலை 26 அன்று.