மாணவர்களை அளக்கும் அளவுகோல்கள்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஜனவரி பிறந்தால் போதும், சென்னைக் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் லிங்குகள் வரத் தொடங்கிவிடும். 'இரண்டு நிமிடம்தான், ப்ளீஸ்' என்று இருக்கும். திறந்தால் 60 கூற்றுகள். மாணவர்களின் தலைமைப் பண்பு, தகவல் தொடர்புத் திறன், ஆன்லைன் வகுப்பு பற்றிய மனப்பாங்கு என எதையோ அளக்க ஒரு பிஎச்டி ஆய்வாளர் புதிதாக அளவுகோல் தயாரித்திருப்பார். அப்படிப்பட்ட அளவுகோல்களைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் பிழைகள் எனக்குப் பழக்கமானவை. நானும் அதே வழியாக வந்த ஆள்தான்.

ஒரே கூற்றில் இரண்டு விஷயம் கேட்காதே, பதிலை வாயில் ஊட்டாதே என்பதெல்லாம் எந்த மெத்தடாலஜி புத்தகத்திலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆல்ஃபா வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

கூற்றுகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் குரோன்பாக் ஆல்ஃபா. அது 0.93 வந்ததும் 'டூல் வேலிடேட் ஆகிவிட்டது', அதாவது அளக்க வேண்டியதைத்தான் அளவுகோல் அளக்கிறது, என்று கைடுக்கு மெசேஜ் போகிறது. ஆகவில்லை. ஆல்ஃபா நம்பகத்தன்மையின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும். எதை அளக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. அளப்பது ஒரே பொருளைத்தானா என்பதுகூடத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. மேடைப் பேச்சு பற்றி 6 கூற்றுகள், ஹாஸ்டல் வசதி பற்றி 6 கூற்றுகள். ஒவ்வொரு ஆறுக்குள்ளும் எந்த இரண்டு கூற்றுகளை எடுத்தாலும் ஒட்டுறவு (பதில்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு; அதிகபட்சம் 1) 0.5, மேடைக்கும் ஹாஸ்டலுக்கும் இடையே பூஜ்யம். 12ஐயும் சேர்த்து ஆல்ஃபா போட்டால் 0.78 வரும். சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் கைகோத்துக்கொண்டு, போதும் என்று எல்லோரும் நம்பும் 0.7ஐத் தாண்டிவிடுகின்றன. எண்ணிக்கையைக் கூட்டினாலும் இதே கூத்துதான்: சராசரி ஒட்டுறவு வெறும் 0.1 இருந்தாலும், 40 கூற்றுகள் சேர்ந்தால் ஆல்ஃபா 0.82.

அந்த 0.7க்கு உளவியல் அளவீட்டு அறிஞர் நன்னலியை மேற்கோள் காட்டாத தீசிஸ் அபூர்வம். 1978இல் அவர் 0.7 போதும் என்றது ஆரம்பக் கட்ட ஆய்வுகளுக்கு. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் தேர்வு என்றால் 0.9கூடக் குறைந்தபட்சம்தான் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. குரோன்பாக்கே 1951இல் தாம் எழுதிய சூத்திரம் இப்படிப் பரவியதில் பெரிய திருப்தி கொள்ளவில்லை. அவர் காலமான பின் 2004இல் வெளியான கட்டுரையில், ஆல்ஃபாதான் சிறந்த வழி என்று தாம் இனி நினைக்கவில்லை என்ற தொனி வெளிப்படையாகவே இருக்கிறது.

திறனை அளக்கிறேன் என்று சொல்லி, திறனைப் பற்றிய நினைப்பை அளப்பது

என் எரிச்சல் முழுவதும் இதன் மேல்தான். மற்ற தவறுகளைத் தரவு சேகரித்த பிறகும் ஓரளவு சரிசெய்யலாம். இதை முடியாது.

தீசிஸின் தலைப்பு 'பொறியியல் மாணவர்களின் தகவல் தொடர்புத் திறன்' என்று இருக்கும். உள்ளே பார்த்தால், 'என்னால் பலர் முன்னிலையில் தயக்கமின்றிப் பேச முடியும்', 'நான் பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்பேன்', இப்படியே 28 கூற்றுகள், 1 (ஒப்பவே மாட்டேன்) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை. இதில் திறன் எங்கே இருக்கிறது? தன்னைப் பற்றி மாணவருக்கு இருக்கும் அபிப்பிராயம்தான் இருக்கிறது. சாம்பார் எப்படி இருக்கிறது என்று மெஸ்காரரிடமே கேட்டு மெஸ்ஸுக்கு மார்க் போடுகிற மாதிரி.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் அளக்கத் தகுந்ததே. 1977இலிருந்து உளவியலாளர் பண்டூரா அதற்கென்று ஒரு கோட்பாட்டையே கட்டியிருக்கிறார். அதை அளந்தால் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். திறன் என்று பெயர் வைத்தால், திறனுக்கான ஆதாரத்தைக் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வாளர், நகருக்குள் ஒரு கல்லூரி, தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரி என இரண்டிலும் ஆங்கிலப் பேச்சுத் திறனை இந்த வழியில் அளந்தார். புறநகர் மாணவர்களின் சராசரி அதிகமாக வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். 'ஊரக மாணவர்களின் திறன் குறைவு என்ற பொதுக் கருத்தை இந்த ஆய்வு மறுக்கிறது' என்று முடிவுரையில் எழுதிவிட்டார். வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பிள்ளைகளில் ஒருத்தராவது பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?" அறையில் பதில் இல்லை. தலைப்பை மாற்றி, இரண்டு அத்தியாயங்களைத் திருப்பி எழுதி, மறுபடி சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. பெல்லோஷிப் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நகரக் கல்லூரி மாணவி தன் பெஞ்சில் இருப்பவர்களோடு தன்னை ஒப்பிடுகிறாள். பக்கத்தில் டிபேட் கிளப் செயலாளர் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், தனக்கு 3 போட்டுக்கொள்கிறாள். தமிழ்வழியில் படித்தவர்கள் நிறைந்த வகுப்பில், செமினாரில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சமாளித்த பையன் தனக்கு 5 போடுகிறான். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் இவளுடைய 3, அவனுடைய 5 இரண்டும் ஒரே அளவுகோலில் இல்லை. அவற்றின் சராசரிகளை ஒப்பிட டி-டெஸ்ட் போட்டு என்ன பயன்?

உளவியலாளர்கள் குரூகர், டன்னிங் இருவரும் 1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கண்டதும் இதற்குப் பக்கத்தில் வரும். தேர்வில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் உண்மையில் சராசரியாக 12ஆம் நூற்றுமானத்தில், அதாவது நூற்றுக்கு 12 பேரை மட்டும் முந்திய இடத்தில், இருந்தார்கள். தாங்கள் 62இல் இருப்பதாக நினைத்தார்கள். அந்த இடைவெளிக்கு என்ன காரணம் என்பதில் புள்ளியியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நமக்குத் தேவையான பாடத்துக்கு அந்தச் சண்டை முடியவேண்டியதில்லை. நினைப்பும் நிஜமும் ஒன்றல்ல.

பயிற்சிக்கு முன், பின் என்று ஒப்பிடுபவர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாகக் காலை வாரும். சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சிக்கு முன்பு மாணவர் தனக்கு 4 போட்டிருப்பார். பயிற்சி முடிந்த பிறகு 3 போடுவார். பயிற்சி அவரைக் கெடுத்துவிட்டதா? இல்லை, நல்ல பேச்சு என்றால் என்ன என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அளவுகோல் அவருடைய மனதுக்குள்ளேயே நகர்ந்துவிட்டது. இதற்காகவே சிலர், பயிற்சி முடிந்த பிறகு 'அப்போது எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள்' என்று இரண்டையும் ஒரே உட்காரலில் கேட்கிறார்கள். அதற்கும் குறைகள் உண்டு. கைக்கு வந்த எண்ணைக் கண்மூடி நம்புவதைவிட அது பரவாயில்லை.

என்ன செய்யலாம்? திறன்தான் வேண்டும் என்றால் வேலை கொடுங்கள். இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்து, ஒருவருக்கொருவர் கலந்து பேசாத இரண்டு பேரிடம் ரூப்ரிக் (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல்) கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லி, அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். 500 பேரிடமும் செய்ய முடியாது என்பீர்கள். சரி, 50 பேரிடம் செய்யுங்கள். அந்த 50 பேரின் பேச்சு மதிப்பெண்ணுக்கும் அவர்கள் ஃபார்மில் போட்டதற்கும் ஒட்டுறவு பாருங்கள். அந்த ஒற்றை எண் உங்கள் தீசிஸில் இருந்தால், மற்ற 450 பேரின் பதில்களுக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும்.

அதுவும் முடியாவிட்டால் நடந்ததைக் கேளுங்கள். 'பலர் முன்னிலையில் பேச முடியும்' என்பதற்குப் பதில், 'போன செமஸ்டரில் வகுப்பின் முன் நின்று எத்தனை முறை பேசினீர்கள்' என்று கேட்கலாம். இன்னொரு வழி, குட்டிக் கதைகள். 'பிரியா செமினாரில் ஸ்லைடைப் பார்த்து அப்படியே படிப்பாள். யாராவது கேள்வி கேட்டால் திணறிவிடுவாள். இவள் பேச்சுத் திறனுக்கு எத்தனை போடுவீர்கள்?' இப்படி மூன்று, நான்கு கற்பனை மாணவர்களுக்கு எல்லோரையும் மதிப்பெண் போடச் சொன்னால், யார் தாராளம், யார் கறார் என்பது தெரிந்துவிடும்; அதை வைத்து அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்டதைத் திருத்தலாம். 2004இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங் குழுவினர் இதே முறையைக் கையாண்டார்கள். அரசின் முடிவுகளில் உங்கள் சொல் எடுபடுகிறதா என்று கேட்டபோது, மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள்தான் அதிகம் எடுபடுகிறது என்றார்கள். கதைகளை வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது.

நம் கல்லூரிகளுக்கு இந்த வேறுபாடு புதிதும் அல்ல. பொறியியல் போன்ற படிப்புகளுக்கான என்பிஏ அங்கீகாரத்துக்காக அட்டெயின்மென்ட் (மாணவர் எவ்வளவு கற்றார் என்ற அளவு) கணக்கிடும்போது தேர்வு மதிப்பெண்ணை நேரடி அளவு என்றும், கோர்ஸ் முடிவில் மாணவரிடமே கேட்கும் எக்சிட் சர்வேயை மறைமுக அளவு என்றும் பிரித்து, பல இடங்களில் 80க்கு 20 என்று எடை போடுகிறார்கள். கோப்பில் அவ்வளவு தெளிவாகப் பிரிக்கிற அதே பேராசிரியர், கைடாக உட்காரும்போது மட்டும் மறந்துவிடுகிறார்.

ஐந்து நிபுணர்களிடம் சான்றிதழ் வாங்குவது

பக்கத்துத் துறையில் ஐந்து பேரிடம் 'இந்தக் கருவி ஏற்புடையது' என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்கிப் பின்னிணைப்பில் சேர்ப்பது உள்ளடக்க ஏற்புடைமை (அளக்க வேண்டியதைத்தான் கூற்றுகள் தொடுகின்றன என்பதற்கான ஆதாரம்) ஆகாது. ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியாக 'அவசியமா' என்று கேட்க வேண்டும். லாஷே என்ற உளவியலாளர் 1975இல் கொடுத்த அட்டவணைப்படி, ஐந்து பேர் மட்டும் என்றால் ஐந்து பேருமே அவசியம் என்று சொன்னால்தான் அந்தக் கூற்று தேறும். நான்கு பேர் சொன்னால் போதாது. பத்துப் பேர் என்றால் ஒன்பது பேர் வேண்டும். கையெழுத்து போட்ட ஐவரும் ஒரு கூற்றைக்கூட வெட்டவில்லை என்றால், அவர்கள் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மாணவர் வாயைத் திறக்கவிடாமல் ஃபார்மை அனுப்புவது

'நூலகத்தை முறையாகப் பயன்படுத்துகிறேன்.' இதில் என்ன குழப்பம் வரும் என்று நினைப்பீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படிக்க வந்த சிலரிடம் இதைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒருவர் புத்தகத்தை நாள் தவறாமல் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். இன்னொருவருக்கு அது ஏசியும் வைஃபையும். மூன்றாமவர், பிடிஎஃப்பைப் போனில் படிப்பதும் சேர்த்தியா என்று என்னையே கேட்டார். மூவருமே 4 போட்டிருந்தார்கள்.

எட்டு, பத்து பேரிடம் இப்படிக் கேட்டாலே பாதிக் கூற்றுகளை மாற்ற வேண்டிவரும். டீ செலவு மட்டும்தான் ஆகும்.

எஸ்பிஎஸ்எஸ் சொன்னதை அப்படியே கேட்பது

கூற்றுகள் எத்தனை காரணிகளாக (பின்னால் இருக்கும் பொதுப் பண்புகளாக) சேர்கின்றன என்று பார்க்க, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் வழக்கமாகப் போடுவது மூன்று: பிரின்சிபல் காம்பொனென்ட்ஸ் என்ற முறை, எத்தனை காரணி என்று முடிவுசெய்ய ஐகன் மதிப்பு 1க்கு மேல் என்ற விதி, காரணிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேரிமேக்ஸ். மூன்றையும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் 'சார், டிஃபால்ட்ல அதான் இருந்துச்சு' என்பார்கள். வேரிமேக்ஸ் டிஃபால்ட்கூடக் கிடையாது. 1க்கு மேல் என்ற விதி கூற்றுகள் அதிகமானால் காரணிகளை அள்ளிக் கொட்டும். ஹார்ன் 1965இலேயே இணைப் பகுப்பாய்வு (தற்செயல் தரவில் வருவதைவிடப் பெரிய காரணிகளை மட்டும் வைத்துக்கொள்வது) என்று அதைவிட நல்ல வழியைக் கொடுத்துவிட்டார், ஆர் மென்பொருளில் ஒரு வரியில் போடலாம், இலவசம். அப்புறம், குழுவாக வேலை செய்யும் திறனும் பேச்சுத் திறனும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் வேரிமேக்ஸ் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. காரணிகளுக்குள் தொடர்பு இருக்க இடம்தரும் ஆப்லிமின் போடுங்கள்.

கண்டறிந்த தரவிலேயே உறுதிசெய்வது

எந்தப் பதில்களிலிருந்து காரணிகளைக் கண்டறிந்தீர்களோ, அதே பதில்களை வைத்து அவை சரி என்று உறுதிசெய்யக் கூடாது. மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் புதிதாகச் சேகரியுங்கள்.

எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பாமல் கூட்டுவது

'மேடை என்றாலே எனக்குப் பயம்' போன்ற கூற்றுக்கு 5 போட்டால் அது குறைவையே காட்டும். கூட்டுவதற்கு முன் 5ஐ 1, 4ஐ 2 என்று திருப்புங்கள்.

ரோல் நம்பர் கேட்டுவிட்டு ரகசியம் என்பது

ஆசிரியர்களைப் பற்றிய கருத்தை அதே ஆசிரியர் வகுப்பில் நின்றுகொண்டு வாங்கினால் எல்லாம் 5 வரும். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பு 2017இல் மாணவர் திருப்தி ஆய்வைக் கொண்டுவந்தபோது, கல்லூரியைக் கேட்டு வாங்கிய மின்னஞ்சல் முகவரிகளுக்கு நேராக அனுப்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன். உங்களால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், ஃபார்மின் செட்டிங்ஸில் மின்னஞ்சல் சேகரிப்பதையாவது நிறுத்துங்கள். 'உங்கள் பதில்கள் முற்றிலும் ரகசியமாக வைக்கப்படும்' என்ற வரிக்குக் கீழேயே பெயர், ரோல் நம்பர், செக்ஷன் மூன்றுக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்ட ஃபார்ம் ஒன்று இந்த வாரமும் எனக்கு வந்திருக்கிறது.