கிண்ணியாப் பாலமும் எக்செல்லும்: டெங்குப் பரவலைக் கணக்கிடத் தொடங்குவது எப்படி

வைரஸ் பரவலைக் கணினியில் ஆராய்வது என்றால் குளிரூட்டிய அறையும் பெரிய சேர்வரும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாங்கள் நாலு பேரும் ஒரு வருஷத்தைச் சும்மா கழித்தோம். கடைசியில் தேவைப்பட்டது ஒரு பழைய லப்டொப், எக்செல், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவுக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள். கம்பஸில் இப்படி ஒரு சின்னக் குழு தொடங்க நினைக்கிறவர்களுக்குத்தான் இது. முதல் மாதத்துக்கு ஓஎல் கணிதம் போதும்.

நோயைத் தெரிவு செய்வதில் மினக்கெட வேண்டாம், டெங்குதான். 2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நாட்டின் மொத்தக் கணக்கு யூலையில்தான் உச்சத்துக்குப் போனது, ஆனால் கிண்ணியா மார்ச்சிலேயே படாத பாடு பட்டுவிட்டது. இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டாலே உங்கள் ஆய்வு பாதி தொடங்கியாயிற்று.

சரி, எக்செல்லைத் திறவுங்கள். தொற்று பரவுவதைக் கணக்கிட 1927இல் கெர்மாக், மக்கென்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கணித மாதிரிதான் (model) இன்றைக்கும் முதல் படி. மூன்று நிரல்கள்: இனித் தொற்றக்கூடியவர்கள், இப்போது தொற்று உள்ளவர்கள், குணமானவர்கள். ஒரு ஊரில் 10,000 பேர், அதில் 10 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தொற்று ஐந்து நாள் நிற்கும் என்றால் ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்கு குணமாகும், அதாவது 0.2. ஒருவரிடமிருந்து அந்த ஐந்து நாளில் சராசரியாக இரண்டு பேருக்குப் போகும் என்றால் ஒரு நாளைக்குப் பரவும் வீதம் 2 ÷ 5, அதாவது 0.4. இனி முதல் நாள் புதிய தொற்று: 0.4 × 10 × 9,990 ÷ 10,000, கிட்டத்தட்ட 4. குணமாகிறவர்கள் 2. ஆக அடுத்த நாள் 12. இந்த வரியை அப்படியே 150 நாளுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். உச்ச நாளில் சுமார் 1,500 பேர் ஒரே நேரத்தில் தொற்றோடு இருப்பார்கள், முடிவில் 8,000 பேரை ஒட்டி அது தொட்டிருக்கும். இப்போது 0.4ஐ 0.3 ஆக மாற்றிப் பாருங்கள், உச்சம் 600, 700க்கு விழும். நான் முதல் தடவை இதைப் பார்த்த ராத்திரி தூங்கவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் உறைத்தது, இதில் நுளம்பே இல்லை!

நுளம்பைச் சேர்ப்பதுதான் இந்த வேலையில் ருசியான பகுதி, அவசரப்படாமல் செய்யுங்கள். வழி காட்டியவர் மலேரியாவுக்குக் கணக்கு எழுதிய ரொனால்ட் ரொஸ், பிறகு அதை விரித்தவர் ஜோர்ஜ் மக்டொனால்ட். நுளம்பு ஒரு நோயாளியைக் கடித்தவுடனே அதனால் பரப்ப முடியாது. வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி உமிழ்நீர் வரை வர 8 முதல் 12 நாள் எடுக்கும், அதுவரைக்கும் அது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 90 வீதம் என்றால், பத்து நாள் தாண்டுபவை நூற்றுக்கு 35. அதே வாய்ப்பு 80 வீதம் ஆனால் வெறும் 11தான்! நுளம்பின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவல் எவ்வளவு சரிகிறது என்று இந்த ஒரு கணக்கே காட்டிவிடும், எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவோம்.

அப்புறம் மழை. கொழும்புக்கு எழுதப்பட்ட ஒரு மாதிரியை எடுத்து, மழை மாதங்களை மாற்றாமல் திருகோணமலைக்கு ஓட்டி, யூனில் பெரிய அலை வருமென்று ஒரு கூட்டத்தில் படம் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா, "தம்பி, யூனில் இங்கே கிணறே வத்திப்போய்க் கிடக்கும்" என்றார். எங்களுக்கு மழை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி தை வரைக்கும் போகும் மாரி. மழைத் தண்ணியில் முட்டை பொரித்து நுளம்பாக 7 முதல் 10 நாள், அதற்குள் வைரஸ் பெருக 8 முதல் 12, கடி வாங்கியவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10. கூட்டினால் ஒரு சுற்றுக்கே 19 முதல் 32 நாள். இப்படி இரண்டு மூன்று சுற்று ஓடித்தான் அலை எழும்பும், ஆகவே மழையையும் காய்ச்சலையும் ஒரே வாரத்தில் பொருத்தாதீர்கள். பரலிலும் தாங்கியிலும் தண்ணி பிடித்து வைக்கிற வீடுகளையும் மறக்க வேண்டாம், அங்கே வெயில் காலத்திலும் நுளம்பு உண்டு.

தரவு எங்கே? சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கை வெளியிடுகிறது, மாவட்ட எண்ணிக்கை அதில் கிடைக்கும். அது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை, காய்ச்சல் தொடங்கிய நாளின் எண்ணிக்கை அல்ல. பெருநாள் வாரத்தில் எண்ணிக்கை விழுந்தால் நோய் குறைந்தது என்று துள்ளாதீர்கள். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது என்பதால் அறிக்கையில் வருவது ஒரு பகுதி மட்டும்தான். நோயாளி பெயர் விலாசம் உள்ள எதையும் கேட்காதீர்கள், வாங்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகுமுன் கம்பஸின் நெறிமுறைக் குழுவில் அனுமதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இழுபறிதான்.

மாவட்டம் முழுவதையும் ஒரே பானையில் போட்டுக் கலக்குவது அடுத்த பிழை. கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி, பட்டணம் என்று பிரித்துவிட்டு, இடையே தினமும் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். நுளம்பு சில நூறு மீற்றருக்கு மேல் பெரிதாகப் பறக்காது, வைரஸை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது நாங்கள்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலத்து எண்கள் இன்றைக்கு உதவாது. எங்கள் அட்டவணைக்காக இரண்டு பேர் பாலத்தடியில் நாள் முழுக்க நின்று பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எண்ணினார்கள், ஒருவருக்கு வெயிலில் தலைவலியே வந்துவிட்டது.

பைதன் என்ற நிரல்மொழிக்கு இதற்குப் பிறகு போங்கள். மாதிரி சரியா என்று பார்க்க, கடைசி ஒரு வருஷத் தரவை மறைத்து வைத்துவிட்டு மற்றதில் பொருத்தி, மறைத்ததை ஊகிக்கச் சொல்லுங்கள். "போன வார எண்ணிக்கையே இந்த வாரமும்" என்கிற சோம்பேறி ஊகத்தையும் பக்கத்தில் வையுங்கள். எங்கள் முதல் மாதிரி அதனிடம் தோற்றது.

கிண்ணியாவுக்கு ஆட்களைச் சந்திக்கப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், ஜும்ஆ நேரம். செவ்வாய், புதன் காலையில் போங்கள், தண்ணிப் போத்தலும் தொப்பியும் மறக்காமல்.