உயிரியல் பூங்காவில் விலங்குகளைப் பார்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு

தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாயைக் கடந்து சென்றால் சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவையும், ஓசூரிலிருந்து ஆனேக்கல் வழியாகச் சென்றால் பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்வோருக்கு அங்குள்ள வனத்துறையின் முதலைப் பண்ணை இருக்கிறது. இவற்றுள் எங்குச் சென்றாலும், எல்லாக் கூண்டுகளையும் ஒரே சுற்றில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். நம் மாவட்டக் காடுகளில் வாழும் விலங்குகளில் மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் கால் மணி நேரமாவது நிற்பதே பயன் தரும். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குச் சரணாலயமும் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமும் நம் இரு மாவட்டங்களிலும் பரவியுள்ளன என்றாலும், அங்குள்ள விலங்குகளை அருகில் நின்று அச்சமின்றிப் பார்க்கும் வாய்ப்பு நமக்குப் பூங்காவில்தான் கிடைக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கும் வரிக்குதிரைக்கும் வழிகாட்டி தேவையில்லை. குழந்தைகள் தாமாகவே அங்கு ஓடிவிடுவார்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது பூங்காவை மூட வேண்டும் என்பது விதி. பன்னேர்கட்டாவுக்கு அது செவ்வாய்க்கிழமை. மற்ற இடங்களுக்குப் புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது, ஏனெனில் நண்பகலில் புலி, சிறுத்தை போன்றவை நிழலில் படுத்து உறங்கும்.

முதலைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. அது தன் உடல் வெப்பத்துக்கு வெயிலை நம்பியிருப்பதால், குளிர்காலத்தில் வெயில் ஏறிய பிறகு வருவோரே அது கரையேறிக் கிடப்பதைப் பார்ப்பர். கோடையில் பெரும்பாலும் நீருக்குள்தான் இருக்கும். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைப் பொம்மை என்று எண்ணிக் கல்லெறிபவர்கள் உண்டு. உண்மையில் அது வாயின் வழியே உடல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. வாயை மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிகிறதா என்று குழந்தைகளைக் கவனிக்கச் சொல்லலாம். அமெரிக்க அலிகேட்டருக்கு அந்தப் பல் மறைந்திருக்கும். மூக்குத் துளை, கண், காது மூன்றும் தலையின் மேற்புறத்திலேயே அமைந்திருப்பதையும் காட்ட வேண்டும். உடல் முழுவதும் நீருக்குள் மறைந்திருக்க, இவை மட்டும் வெளியே தெரியுமாறு அது கிடக்கும் என்பதைத் தொட்டியில் ஒருமுறை பார்த்துவிட்ட குழந்தைக்கு, ஒகேனக்கல் ஆற்றங்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வெளிவருவது ஆணா பெண்ணா என்பதை அது புதைந்திருந்த குழியின் வெப்பமே தீர்மானிக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மான்கள் இருக்கும் இடத்தை மக்கள் மிக வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். குரும்பப்பட்டியில் புள்ளிமானையும் கடமானையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: கடமான் பெரியது, பழுப்பு நிறமுடையது, ஆணின் கழுத்தில் அடர்ந்த மயிர் இருக்கும். மானின் கொம்பு விழுந்து மீண்டும் முளைப்பது. வெளிமானின் முறுக்குக் கொம்போ வாழ்நாள் முழுவதும் விழாதது. புள்ளிமான்களுக்கு இனப்பெருக்கத்துக்கென்று ஒரே பருவம் இல்லாததால், கொம்பு முதிர்ந்த ஆண், கொம்பு விழுந்த ஆண், மெல்லிய தோல் போர்த்திய இளங்கொம்புடைய ஆண் ஆகியவற்றை ஒரே கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

கரடி இருக்கும் பூங்காவாக இருந்தால் அதன் முன் நகத்தையும் வாயையும் பாருங்கள். நம் காட்டுக் கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சி எடுக்கிறது. பூங்காக்களில் கரடிக்கு ராகிக் கஞ்சி கொடுக்கும் வழக்கமும் உண்டு, ஆகவே நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

விலங்கைப் பார்த்த பிறகு அது வாழும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஒதுங்க நிழலும் மறைவும் உள்ளனவா, ஏறவும் தோண்டவும் தேய்த்துக்கொள்ளவும் ஏதேனும் உண்டா என்று கவனித்தால் பூங்காவின் தரம் புரியும். விலங்கு மறைந்துகொண்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மறைய இடமே இல்லாத கூண்டைவிட அது நல்ல கூண்டு. ஒரே தடத்தில் மணிக்கணக்காக முன்னும் பின்னும் நடக்கும் விலங்கு பெரும்பாலும் மன அழுத்தத்தில் இருக்கிறது. உணவு வரும் நேரத்திலும் அவ்வாறு நடப்பதுண்டு என்பதால், முடிவுக்கு வருமுன் அங்குள்ள பராமரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் இல்லாத செய்திகளையும் அவரிடமே கேட்டறியலாம்.

பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், கூச்சலிட்டு அவற்றைக் கலவரப்படுத்துவதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் பூங்காவில் கடைப்பிடித்துவிட்டு, திரும்பும் வழியில் காட்டுச் சாலைக் குரங்குகளுக்கு வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போடுவோர் பலர். சாலையோரத்தில் தீனி கிடைக்குமென்று பழகிய குரங்குகள் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுச் சாகின்றன. மிச்சமான தின்பண்டத்தை வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.