பழிவாங்க வரும் வில்லனை எங்கே பிடிப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. திரும்பத் திரும்ப வந்து பழிவாங்கும் வில்லன் வேண்டுமென்றால் பத்துப் பக்கம் முன்கதை எழுத உட்காராதீர்கள், ஆட்டக்காரர்கள் செய்துவிட்டு மறந்தே போன ஒரு காரியத்திலிருந்து அவனை எடுங்கள். முதல் நாளே ஆளுக்கு 7 உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) உள்ள கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களை வெட்டித் தள்ளியிருப்பார்கள் அல்லவா, அதில் ஒருத்தனுடைய அக்கா போதும். அவள் கோபத்தில் நியாயம் இருக்கும், மேசையில் இருப்பவர்களை நெளிய வைப்பது அதுதான்.

சரி, முதல் மோதலிலேயே அவளை வீழ்த்திவிட்டால்? 2014இல் வந்த 5ஆம் பதிப்பில், உயிர்ப்புள்ளி 0 ஆனால் எதிரிகள் செத்துவிடுவதுதான் வழக்கம், ஆனால் முக்கியமான எதிரிக்கு மட்டும் ஆட்டக்காரர்களைப் போலவே மரணப் பகடை உருட்ட விதியே இடம் தருகிறது. 20 முகப் பகடையில், மூன்று தோல்விக்கு முன்னால் மூன்று முறை 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பிழைத்துக்கொள்வாள். ஆட்டக்காரர்கள் பார்க்காதபடி திரைக்குப் பின்னால் உருட்டுங்கள். யாராவது கிட்டப் போய்க் கழுத்தை அறுத்துவிட்டால் அவளைச் சாக விட்டுவிடுங்கள், மந்திரத்தால் மறைய வைத்துக் காப்பாற்றினால் எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும் (பட்டுத்தான் சொல்கிறேன்).

அப்புறம், ஒவ்வொரு வருகையிலும் போன சண்டையின் தடம் தெரிய வேண்டும். தீப்பந்து மந்திரத்தில் வெந்தவள் அடுத்த தடவை ஏரிக்குள்ளிருந்து தாக்கட்டும், நீரில் முழுதாக மூழ்கியிருப்பவருக்குத் தீச்சேதம் பாதிதான்.