சுப்பீரியர் ஏரிக்கரைக்குக் கோடையில் போகிறீர்களா? வானிலையைப் படிப்பதில் இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கோடை வந்தாலே ஏரிக்கரை ஊரான டுலூத் ஞாபகம்தான். இரண்டரை மணி நேரம் காரோட்டினால் சுப்பீரியர் ஏரி. மே பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு சிவப்பு வரைபடம் சுற்ற ஆரம்பிக்கும்: ‘இந்த வருஷம் வடக்கே வெயில் அதிகமாம்.’ ஒருமுறை அதை நம்பி நாங்களும் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். ஸ்வெட்டர் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குள் நுழையுமுன் தாம்சன் மேடு என்று ஓர் ஏற்றம் வரும். அங்கே கார் திரையில் 27 டிகிரி செல்சியஸ் இருந்தது. அதற்கப்புறம் சாலை ஏரியை நோக்கிச் சரிகிறது. நாங்கள் இறங்க இறங்க எண்ணும் இறங்கியது: 24, 20, 16. ஏரிக்கரையில் உள்ள கேனல் பார்க்கில் வண்டியை நிறுத்தும்போது 12. தூக்குப் பாலத்தின் மேல்பாதி மூடுபனிக்குள் மறைந்திருந்தது. என் துப்பட்டாவை வாங்கி மகள் உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டாள். கால் மணி நேரம்கூட ஆகாத இறக்கத்தில் 15 டிகிரி போய்விட்டது.

அந்தச் சிவப்பு வரைபடம் பொய் சொல்லவில்லை. அதை நாங்கள் படித்த விதம்தான் தவறு. அமெரிக்க அரசின் பருவநிலை முன்கணிப்பு மையம் மாதந்தோறும் மூன்றாவது வியாழக்கிழமை அதை வெளியிடுகிறது. அதில் உள்ள நிறம் வாய்ப்பைக் காட்டுகிறது, வெயிலின் அளவை அல்ல. வழக்கத்தைவிடச் சூடு, வழக்கம்போல, வழக்கத்தைவிடக் குளிர் என்று மூன்று பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துப்பும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். ‘சூடாக இருக்க 40’ என்று வரைபடம் சொன்னால், வழக்கம்போல இருக்க 33, குளிராக இருக்க 27 அப்படியே நிற்கிறது. வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்து ‘சாதாரணக் கோடை’ என்று முடிவு செய்வதும் தவறு. மூன்றுக்கும் சம வாய்ப்பு என்பதுதான் அங்கே செய்தி. ‘வழக்கம்’ என்பது 1991 முதல் 2020 வரையான சராசரி. மூன்று மாதச் சராசரி ஒரு டிகிரி கூடினாலே அது சூடான கோடைதான். நீங்கள் லீவு போட்ட அந்த இரண்டு நாள் எப்படி இருக்கும் என்பது அதில் கிடைக்காது.

எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) வருகிறது, அதனால் இப்படி என்ற பேச்சும் கூடவே வரும். இந்தப் பக்கத்தில் அதன் கை ஓங்குவது குளிர்காலத்தில்தான். கோடையில் அதை வைத்துப் பயணம் திட்டமிட வேண்டாம்.

சரி, பருவ வரைபடத்தை விட்டுவிட்டு அன்றைய முன்னறிவிப்பைப் பார்த்தால் போதுமா? அங்கேயும் ஒரு சிக்கல். டுலூத்தின் அதிகாரபூர்வ வெப்பநிலை விமான நிலையத்தில் அளக்கப்படுகிறது. அது மலைமேல், ஏரி மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெயில் காய்கிற அதே நேரத்தில் கீழே கரையில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்ப்பதைவிட, தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் உள்ள வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் இடத்தையே தொட்டுப் பாருங்கள். ‘ஏரியை ஒட்டிக் குளிர்ச்சி’ என்று ஒரு துண்டு வரி இருந்தால், அந்த வரிதான் உங்களுக்கானது.

இவ்வளவு குளிர் எங்கிருந்து வருகிறது? இந்த ஏரியின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 147 மீட்டர், மிக ஆழமான இடம் 406 மீட்டர். நன்னீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். குளிர்காலம் முடிந்து மேல்நீர் கொஞ்சம் சூடாகி 4 டிகிரியை நெருங்கியதும் கனத்துக் கீழே போய்விடும், அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே வரும். ஆழம் முழுவதும் 4 டிகிரியை எட்டும்வரை மேற்பரப்பில் சூடு தங்காது. அதனால்தான் ஜூனில்கூட நடு ஏரி ஃபிரிட்ஜ் தண்ணீர்போல இருக்கிறது. 2014 குளிர்காலத்தில் சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகள் பெரும்பகுதி உறைந்தன. அந்த ஆண்டு மே கடைசியிலும் மிச்சிகன் மாநிலத்தில் மார்க்கெட் (Marquette) என்ற ஊரின் கரையில் பனிக்கட்டிகள் மிதந்தன. கோடைக் கணிப்பைப் பார்க்கிறவர்கள் போன குளிர்காலத்து உறைபனியைக் கேட்பதே இல்லை. ஏரி அதை மறப்பதில்லை. இங்கே தண்ணீர் கொஞ்சமாவது இதமாக இருக்கும் மாதம் ஆகஸ்ட். குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூனில் அறை பதிவு செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் காற்றின் திசை. கிழக்கு அல்லது வடகிழக்குக் காற்று அந்தக் குளிர்ந்த நீரின்மேல் நெடுந்தூரம் தவழ்ந்து வந்து நேராக டுலூத்தில் இறங்கும். மேற்கு, தென்மேற்குக் காற்று என்றால் நிலத்துச் சூடு கரைவரை வரும். காற்றே இல்லாத நாளிலும் நிலம் சூடேறியதும் பகலில் ஏரிக்காற்று கிளம்பிவிடும். ‘காலையில் நன்றாகத்தானே இருந்தது’ என்று மதியம் சொல்லாதவர்கள் குறைவு.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. வெளியே 30 டிகிரி, அதனால் தண்ணீரும் இதமாக இருக்கும் என்று குதிப்பது. வடகரையில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. உங்களுக்கு வெயிலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, மேலே இருக்கும் சூடான நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்நீர் எழும்பும். நேற்று 17 டிகிரி இருந்த இடத்தில் இன்று 8 இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் சட்டென்று விழுந்தால் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். தலை அந்த நேரம் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஆபத்து. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கவே போராட வேண்டியிருக்கும். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கைகால் சொன்னபடி கேட்காது. பாறைமேல் நின்று போட்டோ எடுப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு வேண்டவே வேண்டாம்.

டுலூத்தின் பார்க் பாயின்ட் மணற்கரையில் கதை வேறு. அங்கே வடகிழக்குக் காற்று அலையைத் தள்ளிவந்து, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தை உண்டாக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுகூட இறங்காதீர்கள். மாட்டிக்கொண்டால் எதிர்நீச்சல் போடாமல் மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வாருங்கள்.

மழைக்கும் பருவக் கணிப்பை நம்பி இருந்துவிடக் கூடாது. 2012 கோடையில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி பெரும் வறட்சியில் காய்ந்தது. அதே கோடையில், ஜூன் 19, 20 தேதிகளில், டுலூத் பக்கம் சில இடங்களில் 250 மில்லிமீட்டர்வரை கொட்டியது. ஓடைகளெல்லாம் மலைச்சரிவில் இறங்கும் ஊர். சாலைகள் பிளந்தன, உயிரியல் பூங்காவுக்குள் வெள்ளம் புகுந்தது, அங்கிருந்து தப்பிய கடல்நாய் ஒன்று தெருவில் கிடந்தது. காட்டுத்தீப் புகையும் அந்த வரைபடத்தில் வராது. 2023இல் கனடாவிலிருந்து வந்த புகை இந்தக் கரையையும் மூடியது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் கிளம்புமுன் காற்றின் தரத்தைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் முந்தின நாள் இரவு நாங்கள் பார்ப்பது காற்றின் திசை, தண்ணீரின் வெப்பம், கரையோர எச்சரிக்கை. மேற்குக் காற்று என்றால் கேனல் பார்க், கூஸ்பெர்ரி அருவி, ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம். கிழக்குக் காற்று என்றால் ஏரியைவிட்டுத் தள்ளி ஜே குக் பூங்காவில் செயின்ட் லூயிஸ் ஆற்றுத் தொங்கு பாலம். எங்கே போனாலும் நான்கு ஸ்வெட்டர்கள் கார் டிக்கியில் இருக்கும். ஆகஸ்ட் முடியும்வரை அவற்றை வீட்டுக்குள் எடுத்து வைப்பதில்லை.