மொழியைப் பற்றிய ஒரு புத்தகமும் அதில் நாம் தடுக்கி விழும் இடங்களும்

மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். போன முறை எடுத்துக்கொண்டது உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994-இல் எழுதிய 'தி லாங்குவேஜ் இன்ஸ்டிங்க்ட்'. சிலந்திக்கு வலை பின்ன யாரும் சொல்லித் தருவதில்லை. மனிதக் குழந்தைக்கு மொழியும் அப்படித்தான் வருகிறது என்பது அதன் வாதம். ஒருவர் நாலே நாளில் முடித்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர், "நாலாவது அத்தியாயத்தோட கும்பிடு போட்டுட்டேன்ணே" என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பேசப் பேசத்தான் புரிந்தது, ஒவ்வொருவரும் புத்தகத்துக்குள் வேறு எதையோ தேடிப் போயிருக்கிறார்கள்.

ஐயா தேடியது தமிழை. மொழியைப் பற்றி உலகமே பேசும் புத்தகம், அதில் தமிழின் தொன்மைக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லையா என்பது அவர் வருத்தம். இங்கேதான் பலரும் முதலில் சறுக்குகிறோம். எந்த மொழி மூத்தது என்பது இந்தப் புத்தகத்தின் கேள்வியே இல்லை. மாங்குளம் குகையில் இருக்கும் 'தமிழி' என்ற பழந்தமிழ் எழுத்துகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையவை, சரி. ஆனால் அது எழுத்தின் வயது. எழுத்தைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே மனிதர்கள் வாயாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். திராவிட மொழிகளின் உறவைத் தெரிந்துகொள்ளக் கால்டுவெல் 1856-இல் எழுதிய ஒப்பிலக்கணம் இருக்கிறது. அது வேறு கடை, இது வேறு கடை.

அடுத்த குழப்பம் 'இலக்கணம்' என்ற சொல்லில். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நன்னூலும், சந்திப் பிழைக்கு வெட்டிய அரை மதிப்பெண்ணும்தான் ஞாபகம் வரும். பிங்கர் சொல்லும் இலக்கணம், பள்ளிக்கூடமே போகாதவர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருப்பது. மதுரைப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பசங்க வந்தாய்ங்க' என்போம். 'மாமா வந்தாய்ங்க' என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், வாய் கூசும். 'மாமா வந்தாக' என்றோ 'வந்தாங்க' என்றோதான் வரும். இந்த விதியை எந்த வாத்தியாரும் நமக்கு எழுதிப்போடவில்லை, ஆனால் யாரும் மீறுவதில்லை. கொச்சை என்று நாம் ஒதுக்கும் பேச்சுக்குள்ளும் இவ்வளவு கறாரான ஒழுங்கு இருக்கிறது என்று காட்டுவதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை. இதை ஐயாவிடம் சொன்னபோது, "விதி இருக்கட்டும்ப்பா, பரீட்சையில எழுதிராதீக" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நாலாவது அத்தியாயத்துக்கு வருவோம். பாதிப் பேர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். வாக்கியங்களைத் தலைகீழ் மரங்களாக வரைந்து தள்ளியிருப்பார். ஆங்கில வாக்கியத்தை ஆங்கில மரமாகவே விழுங்கப் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 'பழைய புத்தகக் கடை' என்று எழுதுங்கள். பழசு எது, புத்தகமா கடையா? புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அங்கே புத்தகக் கடைகளும் இருந்தன. கடை பல வருஷத்துப் பழசு, உள்ளே இருப்பது இந்த வருஷத்துப் பாடநூல். அதுவும் பழைய புத்தகக் கடைதான். அட்டை கிழிந்த நாவல்களை எடைக்கு வாங்கி விற்பவர் நேற்றுத் திறந்த கடையும் பழைய புத்தகக் கடைதான். மூன்றே சொல், வரிசையும் மாறவில்லை, பொருள் மட்டும் இரண்டு. முதலாவதில் 'புத்தகக் கடை' முதலில் சேர்ந்து, அதன் மேல் 'பழைய' உட்காருகிறது. இரண்டாவதில் 'பழைய புத்தகம்' சேர்ந்தபிறகு கடையோடு ஒட்டுகிறது. இந்த இரண்டு ஒட்டலையும் கோடு போட்டு வரைந்தால் கிடைப்பதுதான் பிங்கரின் மரம். அவ்வளவுதான் சங்கதி.

இதைக் கேட்டதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'செம்பொன்பதின்தொடி' என்றார். செம்பொன்னால் ஆன பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? தொல்காப்பிய உரைகளில் வரும் பழைய உதாரணம். எழுத்து ஒன்றாகவே இருக்கும், சொல்லும் ஓசையில்தான் பொருள் பிரியும் என்று சூத்திரமே இருக்கிறது. அதற்கப்புறம் அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் புத்தகத்தை அதிகம் ரசித்தவர் ஒரு சௌராஷ்டிரத் தோழி. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். ஒவ்வொரு உதாரணத்தையும் மூன்றிலும் போட்டுப் பார்த்திருக்கிறார். குஜராத்திக்கு உறவான மொழி, அதிலும் தமிழைப்போலவே வினை கடைசியில்தான் வரும் என்று அவர்தான் சொன்னார். தனக்குத் தெரிந்த மொழியைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தவர்களுக்கு இந்த ருசி கிடைக்கவில்லை.

இன்னொரு தவறு, புத்தகத்தின் வயதை மறப்பது. பேச்சுக் கோளாறு தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு லண்டன் குடும்பத்தைப் பற்றிப் பிங்கர் எழுதியிருக்கிறார். அதற்குக் காரணமான ஃபாக்ஸ்பி2 மரபணு அடையாளம் காணப்பட்டது 2001-இல்தான். அது 'இலக்கண மரபணு' இல்லை, வாய் அசைவுகளிலும் அதற்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது. இலக்கணத்தின் அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது என்ற மொழியியலாளர் சாம்ஸ்கியின் கொள்கையைத்தான் பிங்கரும் ஒட்டிப் போகிறார். அமேசான் காட்டின் பிரஹா மொழியை வைத்து அந்தக் கொள்கையை இன்னொரு மொழியியலாளர் டேனியல் எவரெட் கேள்வி கேட்டது 2005-இல். அதனால் பிங்கர் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது, பழசு என்று பரணில் போடவும் கூடாது. என்னைக் கேட்டால், வாதத்தைவிட அதன் உதாரணங்கள் நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கின்றன.

இனிமேல் எடுக்கப் போகிறவர்கள் வரிசையாகப் படித்துத்தான் ஆகவேண்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தைகளைப் பற்றிய ஒன்பதாவது அத்தியாயத்தில் தொடங்கி, அப்புறம் நாலாவதுக்குத் திரும்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அதற்குக் காரணம் என் அக்கா மகன். மூன்று வயதில் பொம்மையைத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டு, "மாமா, நான் போடுனேன்" என்றான். வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை, எல்லோரும் 'போட்டேன்'தான். ஓடுனேன், ஆடுனேன், பாடுனேன் என்று கேட்டுக் கேட்டு, அவனாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்து அதைப் 'போடு'வுக்கும் போட்டிருக்கிறான். அக்கா திருத்தப் போனாள். நான் தடுத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். "போடுனேன்" என்றான், இந்த முறை இன்னும் சத்தமாக.